எலிக்காரிக்கும் மனுஷிக்கும் ஒரே மரபணு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். கேட்டால் இல்லை என்றுதான் எழுதுவீர்கள். வலது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள் என்று துறை அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் சொன்னாள். எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளாக நாம் எதுவுமே எழுதிக்கொள்ளாதபோது, கண்ணைப் பற்றி மட்டும் எப்படி எழுதுவீர்கள்?

துறைக்கு ஐம்பது ஆண்டு நிறைகிறது. பொன்விழா மலர் போடுகிறார்கள். நம் மரபணு மனிதனில் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது, எலியில் எதில் இருக்கிறது என்று நாம் தேடிக் கண்ட கதையை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மாணவர்களின் பெற்றோரும் படிப்பார்களாம், எளிமையாக வேண்டுமாம். இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

“நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு மரபணுவின் முகவரியைத் தேடினோம். அந்த மரபணுவின் சிறு துண்டில் கதிரியக்கம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் பரப்பிய குரோமோசோம்கள்மீது ஊற்றினோம். துண்டு தன் இணையைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டின்மேல் புகைப்படப் பசை பூசி, இருட்டுப் பெட்டியில் மூன்று வாரம் குளிரில் வைத்தோம். துண்டு ஒட்டிய இடத்தில் கரும்புள்ளி விழும். நூறு செல்களில் புள்ளிகளை எண்ணினால், எந்தக் குரோமோசோமில் கூட்டம் சேர்கிறதோ அதுவே முகவரி. மனிதத் தகடுகளை நான் செய்தேன். எலித் தகடுகளை என் தோழி செய்தார். தகட்டைச் செய்தவர் அதை எண்ணக் கூடாது என்பது எங்கள் தலைவரின் விதி. ஆகவே என் தகடுகளை அவரும், அவருடையவற்றை நானும் எண்ணினோம்.”

“தான் பெத்த பிள்ளைக்குத் தானே மார்க் போடக் கூடாது” என்று தலைவர் சொல்வாரே, அதையும் சேர்க்கலாமா?

இரண்டு காரியம். ஒன்று, என் தகடுகளை நீங்கள் எண்ணிய பச்சை அட்டை நோட்டு உங்களிடம் இருக்கிறது. சில நாட்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும். மற்றொன்று, வெள்ளிவிழா மலரில் அச்சான வாக்கியம்: “இருட்டறையில் நேர்ந்த தாமதத்தால், மாநாட்டில் வேறோர் ஆய்வுக்கூடம் நம்மை முந்திக்கொண்டது.” அதையே எடுத்துப் போடச் சொல்கிறார்கள். நம் தகடுகளை இருட்டறையில் கழுவித் தந்த இருட்டறைக்காரர் போய்ச்சேர்ந்து இந்த மாதத்தோடு இரண்டு ஆண்டு. அவர் மனைவியான என் கையாலேயே அதை எழுத வேண்டுமா என்று பேனா நிற்கிறது.

அன்புடன்,
மனுஷி


ஜனவரி 17

மனுஷிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் எழுத்து இன்னும் அச்சுக் கோத்த மாதிரியே இருக்கிறது. எழுபத்திரண்டு வயதில் கை நடுங்காமல் எழுதுவது மற்றவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

கண் தேறிவிட்டது. வலது கண்ணுக்கு உலகம் நீலமாகவும் இடது கண்ணுக்குப் பழுப்பாகவும் தெரிகிறது. ஒவ்வொன்றாக மூடித் திறந்து, இத்தனை நாளும் எந்த நிறத்தை நம்பிக்கொண்டிருந்தேன் என்று பார்க்கிறேன். இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். கீழே ஒரு பல் மருத்துவர். காலை பத்து மணி முதல் எவர் பல்லையாவது குடைந்துகொண்டிருப்பார். எனக்கு அந்தச் சத்தம் துணை.

மலரில் எழுத உன்னைக் கேட்டார்கள், என்னைக் கேட்கவில்லை. வியப்பில்லை. துறையில் கால்வைத்த முதல் வாரமே மனித செல்களோடு வேலை செய்த உனக்கு மனுஷி என்றும், எலிகளோடு வேலை செய்த எனக்கு எலிக்காரி என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். உனக்கு ஜன்னல் ஓரத்து மேசை. எனக்கு எலி வீடு. அந்த வாடை ஞாயிற்றுக்கிழமைகூட என் தலைமுடியை விட்டுப் போகாது. ஆய்வுக் கட்டுரையிலும் உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. “மனுஷனுக்கு அப்புறம்தானேம்மா எலி” என்றார் தலைவர். வயதுப்படி பார்த்தால் நான் உன்னைவிட இரண்டு ஆண்டு மூத்தவள். உயிர்களின் வரிசைப்படி பார்த்தால் எலியும் மனிதனுக்கு மூத்ததுதான். அவர் இரண்டையும் பார்க்கவில்லை.

நீ எழுதிய பகுதியில் திருத்தங்கள்: ‘ஊற்றினோம்’ என்று எழுதாதே, பூச்செடிக்கு விட்ட தண்ணீரா அது? ஒரு துளி விட்டு மேலே மெல்லிய கண்ணாடி வைத்து மூடினோம். எலியின் நாற்பது குரோமோசோம்களும் ஒரே அச்சில் வார்த்த குச்சிகள் மாதிரி இருக்கும். சாயமேற்றி, வரும் பட்டைகளைப் படித்துத்தான் எது எது என்று சொல்ல முடியும். மனிதனுடையவற்றில் நெட்டை குட்டை பார்த்தே பாதியைச் சொல்லிவிடலாம். என் வேலை உன் வேலையைவிட இரண்டு பங்கு கடினம் என்பது ஒரு வரியிலாவது வர வேண்டும். ‘தோழி’ என்பதை ‘உடன் பணியாற்றியவர்’ என்று மாற்று.

பச்சை நோட்டு கண்ணில் படவில்லை. வீடு மாறியபோது போயிருக்கும். என் எலிகளை நீ எண்ணிய சிவப்பு நோட்டு உன்னிடம் இருக்குமே, முதலில் அதை அனுப்பு.

அந்த வாக்கியம் இருபத்தைந்து ஆண்டாக அச்சில் இருக்கிறது. போனவருக்கு அச்சில் இருப்பது உறுத்தாது. அப்படியே விடு.

எலிக்காரி


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

சிவப்பு நோட்டு அவருடைய இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. சாவி மகனிடம், அவன் வெளியூர் போயிருக்கிறான். இரண்டு வீட்டு நோட்டுகளும் ஒரே சமயத்தில் ஒளிந்துகொண்டது வேடிக்கைதான்.

ஜன்னல் ஓரத்து மேசையைச் சொன்னீர்கள். அந்த ஜன்னல் வழியே நான் என்ன பார்த்தேன் தெரியுமா? இருட்டறைக் கதவு. மூன்று வாரம் முடிந்து பெட்டிகளைத் திறக்கும் நாளில், அவர் உங்கள் பெட்டியைத்தான் முதலில் எடுப்பார். கல்யாணத்துக்குப் பிறகும், “எலி ஸ்லைடு பாக்கவே ஒரு அழகு. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா நிக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் தகடுகளைப் பற்றிக் கேட்டால், “பரவால்ல” என்பார். முப்பத்தேழு ஆண்டு அந்தப் பரவால்லையோடு குடித்தனம் நடத்தியவள் நான். பொறாமைப்படும் உரிமை உங்களுக்கு மட்டும் பட்டா எழுதிக் கொடுத்ததில்லை.

என் கல்யாணத்துக்கும் வரவில்லை. எலி குட்டி போடுகிறது, வர இயலாது என்று தந்தி கொடுத்தீர்கள். எலி சினைப்பட்டால் இருபது நாள். எந்தத் தேதியில் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டோம் என்று குறித்துவைப்பவர் நீங்கள். என் அழைப்பிதழ் உங்கள் கைக்கு வந்ததோ ஒரு மாதம் முன்பு.

அந்தத் தாமதத்துக்காக அவரை இருட்டறையிலிருந்து எடுத்து, கீழ்த்தளக் கிடங்கில் கண்ணாடிக் குடுவை எடுத்துக்கொடுக்க வைத்தார்கள். ஆறு ஆண்டு. வெள்ளிவிழா மலர் வந்தபோது அந்தப் பக்கத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மலரை மூடி வைத்தார். உறுத்தவில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
மனுஷி


பிப்ரவரி 10

மனுஷிக்கு,

எலி குட்டி போட்டது உண்மை. ஒன்பது போட்டு, மூன்று செத்தன. தேதி பார்த்துக் கூண்டில் விட்டதும் உண்மை.

அவர்மீது எனக்கு எதுவும் இருந்ததில்லை. தகட்டை நீட்டும்போது “ஜாக்கிரதை, ஈரமா இருக்கு” என்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. என் தகடுகளை அவர் அழகு என்று சொன்னது எனக்குத் தெரியாது. எனக்கு வர வேண்டிய ஒரே பாராட்டு. அதையும் இத்தனை ஆண்டாக நீதான் வைத்திருந்திருக்கிறாய்.

நோட்டு கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டேன்.

எலிக்காரி


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

மகன் வந்துவிட்டான், பெட்டியைத் திறந்தோம். சிவப்பு நோட்டோடு அவருடைய இருட்டறை டைரியும் இருந்தது. அவர் டைரி எழுதியது எனக்கே தெரியாது. அந்த மாதத்துப் பக்கத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன்: “4ஆம் தேதி, காலை. மனிதன் பெட்டி, எலி பெட்டி, இரண்டும் கழுவியாயிற்று. புள்ளிகள் நன்று. மதியத்துக்குள் இருவர் கையிலும் கொடுத்தேன்.”

இருட்டறையில் ஒரு நாளும் வீணாகவில்லை, அக்கா.

தலைவர் மாநாட்டுக்குப் புறப்பட்டது 17ஆம் தேதி, வெறுங்கையோடு. அங்கே அந்த வேற்று ஆய்வுக்கூடத்துக்காரர் மேடையேறி நம் மரபணுவின் மனித முகவரியைச் சொன்னார். 24ஆம் தேதி தலைவர் திரும்பினார். அன்று மதியம்தான் நம் இருவருடைய எண்ணிக்கைத் தாள்களும் அவர் மேசைக்குப் போயின. நூறு செல் எண்ண ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். மீதி நாள் எங்கே போயிற்று? உங்கள் கைக்குப் பெட்டி தாமதமாக வந்தது என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

மலர் மார்ச் கடைசியில் அச்சுக்குப் போகிறது. வாக்கியத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அப்படியானால் ஏன் தாமதம் என்று யாராவது கேட்பார்கள். பச்சை நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் முடித்த தேதி இருக்கும். தேதி போடாமல் எதையும் மூடியவர் இல்லை நீங்கள்.

மனுஷி


மார்ச் 11

மனுஷிக்கு,

பச்சை நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அது தொலையவே இல்லை. அலமாரியில் அகராதிக்குப் பக்கத்தில், முதுகு தெரியும்படி இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பார். 13ஆம் தேதி, மாலை நான்கு மணி. கையெழுத்தும் இருக்கிறது.

உன் தகடுகளை எண்ண உட்கார்ந்தபோது அவை மோசமாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். மோசமாக இல்லை. ஐந்தாம் நாளே விளங்கிவிட்டது. மற்றக் குரோமோசோம்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். இருபத்தொன்றாம் குரோமோசோமின் நுனியில் மட்டும் ஈ மொய்த்த மாதிரி. மனிதனுக்கு உள்ளவற்றிலேயே ஆகச் சிறியது அது. அந்தச் சிறிய இடத்தில் அத்தனை புள்ளி. இருபத்தொன்றாகத்தான் இருக்கும் என்று நீ முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாய். நீ சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எண்ணும் கருவியின் பொத்தானை அழுத்தியது என் விரல்; ஒவ்வொரு அழுத்தலும் உன் பேரில் போய்ச் சேர்ந்தது.

என் கணக்கு இதுதான். மனித முகவரி முதலில் வந்தால் எலி வெறும் பின்னிணைப்பு. எலி முதலில் வந்தால், எலியிலிருந்து மனிதனுக்குப் போனோம் என்று எழுதலாம்; என் பெயர் முதலில் வரும். ஆகவே நீ என் எலிகளை எண்ணி முடித்துக் கொடுக்கட்டும், மறுநாள் நான் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். நீயோ எண்ணிக்கொண்டே இருந்தாய். தாள்களை எலி வீட்டில் மரத்தூள் மூட்டைக்கு அடியில் வைத்தேன். அந்த நாற்றத்துக்கு அங்கே வேறு யாரும் வர மாட்டார்கள். 17ஆம் தேதி தலைவர் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கிப் போனதை மாடிப்படியில் நின்று பார்த்தேன். ஓடிப் போய்க் கொடுத்திருக்கலாம். நின்றேன்.

திரும்பி வந்து, “ஏம்மா இவ்ளோ நாள்?” என்று கேட்டார். “ஸ்லைடு லேட்டாதான் சார் கைக்கு வந்துச்சு” என்றேன். நீ தலையாட்டினாய். அப்படியானால் உனக்கு உண்மையிலேயே தாமதமாக வந்திருக்கிறது, நான் சொன்னது பாதி உண்மை என்று அந்த நொடியே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இருட்டறைக்காரரைக் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆமா சார், என் தப்புதான்” என்றார்.

அடுத்த ஆண்டு நீ அவரைக் கட்டிக்கொண்டாய். அன்று அவர் யாரைக் காப்பாற்றினார் என்பதற்கு அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன். என் பொய்யைக்கூட அவர் உனக்காகத்தான் சுமந்தார் என்று தோன்றியது. எலி குட்டி போட்ட கதை இதுதான்.

அழுது எழுத மாட்டேன். கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்து வீணாகும். வாக்கியத்தை மாற்று. என் பெயரைப் போடு, முழுதாக. ‘உடன் பணியாற்றியவர்’ என்று மழுப்பாதே.

எலிக்காரி


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதிலுக்குப் பதினெட்டு நாள் காத்திருந்தேன். நீங்கள் முதலில் சொல்லட்டும், பிறகு நான் சொல்லலாம் என்று. இன்று காலைதான் உறைத்தது: நாற்பது ஆண்டுக்கு முன்னாலும் இதையேதான் செய்தேன்.

சிவப்பு நோட்டைத் தனியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பக்கம் 11ஆம் தேதி. எலிக்கு நாற்பதுதானே, மனிதனைவிட ஆறு குறைவு. ஏழே நாளில் முடித்துவிட்டேன். ஆமாம், அக்கா. நானும் ஒளித்தேன். மேசை இழுப்பறையில், வரைபடத் தாள்களுக்கு அடியில்.

ஏனென்றால் உங்கள் எலி எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. மனிதனின் இருபத்தொன்றில் குடியிருக்கும் மரபணுக்கள் எலியில் பதினாறாம் குரோமோசோமில் இருப்பதுதான் அதுவரை தெரிந்த வழக்கம். நம்முடையதும் இருபத்தொன்று என்றால், எலியில் பதினாறில்தான் இருக்க வேண்டும். நான் எண்ணினேன், பதினாறில் ஒன்றுமில்லை. எல்லாம் பத்தில். இதற்கு இரண்டே விளக்கம். இருபத்தொன்று என்று நான் சொல்லித் திரிந்தது தப்பு. அல்லது மனிதனில் ஒரே தெருவாக இருப்பது எலியில் உடைந்து, ஒரு துண்டு வேறு ஊருக்கே போயிருக்கிறது. முதலாவது என்றால் எனக்குக் கேலி. இரண்டாவது என்றால் உங்களுக்குப் புகழ். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் என் தகடுகளை எண்ணிக் கொடுத்த பிறகு எது என்று பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அன்று தலைவர் முன்னால் நீங்கள் அந்தப் பொய்யைச் சொன்னபோது, என் இழுப்பறையைப் பார்த்துவிட்டீர்கள், என்னைக் காப்பாற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். நன்றி வரவில்லை. நல்லவராக இருப்பதிலும் என்னை முந்திக்கொண்டாரே என்று எரிச்சல்தான் வந்தது. பிறகு உங்கள் பெட்டிதான் தாமதம் என்று நானே ஒரு கதை கட்டி, அதை நம்பிவிட்டேன்.

அவரிடம் ஒரே ஒருமுறை கேட்டேன், ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று. “ரெண்டு பேரும் நல்லா எண்ணுறவங்க. என்னால அது கெட வேணாம்னு பாத்தேன்” என்றார். ரெண்டு பேரும் என்று சொன்னது அன்று என் காதில் ஏறவில்லை. பரிகாரமாகக் கட்டிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அவர் உங்களிடம் ‘ஜாக்கிரதை’ என்று சொல்லும் தொனி எனக்குப் பிடிக்காமல் இருந்தது என்பதும் ஒரு காரணம். பின்னால் அவர்மேல் உண்மையான பிரியம் வந்தது. மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை.

வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

மனுஷி


மார்ச் 19

மனுஷிக்கு,

சிவப்பு நோட்டு என் கைக்கு வந்த நாளில் பச்சை நோட்டு உன் வீட்டில் இறங்கியிருக்கும். வழியில் ஏதோ ஒரு தபால் நிலையத்தில் இரண்டும் அருகருகே கிடந்தாலும் கிடந்திருக்கும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். கீழே துளை போடும் சத்தம் சற்று நின்றது. நான் உனக்காகக் காத்திருந்தேன், நீ எனக்காகக் காத்திருந்தாய். மேடையில் யாரோ ஒருவன் ஏறினான். நம் இருவர் தாளையும் ஒன்றாக வைத்திருந்தால், தலைவர் அந்த மேடையில் மனிதனையும் சொல்லியிருப்பார், எலியில் தெரு உடைந்ததையும் சொல்லியிருப்பார்.

பிறகு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, நீ எண்ணியதில் ஒரு குறையாவது கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஐம்பத்தேழாம் செல்லில் ஒரு சந்தேகப் புள்ளியைச் சேர்க்காமல் விட்டிருக்கிறாய். நானாக இருந்தால் சேர்த்திருப்பேன். நீ செய்ததே சரி. முதல் நாள் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘அழகு’ என்று எழுதி, பிறகு அழித்திருக்கிறாய். புரை எடுத்த கண்ணுக்கு அழித்ததும் தெரிகிறது.

வாக்கியம் இது. ஒரு சொல்லும் மாற்றாதே:

“இருட்டறையில் தாமதம் எதுவும் நேரவில்லை. மனிதத் தகடுகளும் எலித் தகடுகளும் 4ஆம் தேதி காலையிலேயே, குறையின்றி, கைக்கு வந்துவிட்டன. எண்ணி முடித்த தாள்களை, எண்ணியவர்கள் இருவரும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட பொறாமையால் கொடுக்காமல் ஒளித்துவைத்திருந்தனர். செய்யாத தவற்றை இருட்டறைக்காரர் தம்முடையது என்று ஏற்றுக்கொண்டார்.”

அவர் பெயரை முழுதாகப் போடு. டைரிப் பக்கத்தைப் படமெடுத்துப் பக்கத்திலேயே அச்சிடச் சொல். விழா மலரில் இதெல்லாம் எதற்கு என்று அலுவலகத்தார் இழுத்தால் எனக்குச் சொல். இரண்டு மாடி இறங்கி நானே போய்ப் பேசுகிறேன். ‘தோழி’ என்பதை நீ இன்னும் மாற்றவில்லை என்றால் விட்டுவிடு. திருத்தப் போனால் அச்சகத்தில் வேறு பிழை செய்வார்கள்.

வாக்கியத்தின் கீழே நம் இருவர் பெயரும் வர வேண்டும். முதலில் என் பெயரைத்தான் மேலே எழுதினேன். மூத்தவள் நான், பொய்யை வாய்விட்டுச் சொன்னவளும் நான். பிறகு இரண்டு நோட்டின் கடைசிப் பக்கத்தையும் நினைத்து நாள் கணக்குப் பார்த்தேன். 13 முதல் 24 வரை, நான் ஒளித்தது பதினொரு நாள். 11 முதல் 24 வரை, நீ ஒளித்தது பதின்மூன்று. வேலையில் அதிகப் பங்கு யாருடையதோ அவர் பெயர் முதலில் வர வேண்டும் என்று நாற்பது ஆண்டாகச் சொல்லிவருபவள் நான். இப்போது மாற்றிச் சொல்ல முடியாது.

அடித்துவிட்டு, உன் பெயரை மேலே எழுதி, என் பெயரை அடுத்ததாகப் போட்டிருக்கிறேன். இதிலும்.

எலிக்காரி